தேவிபட்டினம் பிரகடனம்: சங்கிலியும் வேண்டாம், சந்தையும் வேண்டாம்

எங்கள் தேவிபட்டினத்தில், கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் நவபாஷாணக் கற்களை நடைமேடை வழியே சுற்றி வந்து நவதானியம் தூவுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மகன் ஆறு மாதமாக யாரோடும் பேசுவதில்லை, மருமகளுக்கு ராத்திரித் தூக்கமே இல்லை, கிரகம் சரியில்லையாம் என்பார்கள் சிலர். இங்கே தீராவிட்டால் அடுத்தது, மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் போகும் ஏர்வாடி தர்கா. சாமி வேறு, ஊர் வேறு, நோய் ஒன்றுதான். நம்பிக்கையைக் கேலி செய்ய, மனநோய்ச் சிகிச்சைக்கு ஆராய்ச்சி கேட்கும் இந்த இயக்கத்தை நாங்கள் தொடங்கவில்லை. எங்களில் பலர் அந்த நடைமேடையில் சுற்றி வந்தவர்களே.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்தது. ஆனால் எந்த மாத்திரைக்கும் அடங்காத மனச்சோர்வோடு கிடப்பவருக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அதற்கு உலகம் இப்போது, புலனுணர்வையும் நினைவோட்டத்தையும் தற்காலிகமாக மாற்றும் சைக்கடெலிக் மருந்துகளிடம் விடை தேடுகிறது. அவற்றில் ஒன்றான எல்.எஸ்.டி.யின் விளைவை ஆல்பர்ட் ஹாஃப்மன் 1943-இல் கண்டறிந்தபின், மனநல மருத்துவர்கள் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பிறகு அரசியல் புகுந்தது, 1971 ஐ.நா. உடன்படிக்கை கதவை ஏறக்குறைய அடைத்தே விட்டது. இந்த நூற்றாண்டில்தான் அது மறுபடி திறந்தது. 2022-இல் வெளியான ஆய்வொன்றில், வேறு மருந்துகள் பலிக்காத 233 பேருக்கு, சிகிச்சையாளர் உடனிருக்க, சிலோசைபின் ஒரே ஒரு முறை தரப்பட்டது. சில வகைக் காளான்களில் உள்ள பொருள் அது. 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 37 சதவீதத்தினருக்கு மூன்றே வாரத்தில் மனச்சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது. 12 வாரம் வரை நிலைத்தது 20 சதவீதத்தினருக்கே. சிலருக்குத் தற்கொலை எண்ணமும் எழுந்தது. நல்லதைச் சொல்லும் மேடையிலேயே கெட்டதையும் சொல்வோம்.

இன்னொன்றையும் மறைத்துக் கூட்டம் சேர்க்க மாட்டோம். மனச்சிதைவு உள்ளவர்களை இத்தகைய ஆய்வுகளில் சேர்ப்பதில்லை, நோய் முற்றிவிடக்கூடும். ஏர்வாடிக்கு அழைத்து வரப்படுகிறவர்களில் பலருக்கு இந்தச் சைக்கடெலிக் பொருள்கள் மருந்தே அல்ல.

நாங்கள் கேட்பது ஆராய்ச்சி. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 8-ஆவது பிரிவே மருத்துவ, அறிவியல் தேவைக்கு விலக்குத் தருகிறது. அது ஏட்டில் தூங்க வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் அரசுச் செலவில் ஆய்வு நடக்கட்டும். அறுவை அரங்குகளில் மயக்க மருந்தாகப் பழகிப்போன கெட்டமைனிலிருந்தே தொடங்கலாம். ஒப்புதல் படிவம் ஏழாம் வகுப்புப் படித்தவருக்கும் புரியும் தமிழில் இருக்க வேண்டும். நோயாளிக்குப் பதிலாகக் குடும்பத்தார் கையெழுத்துப் போடக் கூடாது. பாதியில் எழுந்து போக நினைத்தால் அவரை யாரும் தடுக்கக் கூடாது. முடிவு பாதகமாக வந்தாலும் அச்சேற வேண்டும்.

கொடைக்கானலில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் போதைக் காளான் விற்பவர்களோடு எங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மெக்சிகோவில் மரியா சபீனா என்ற வைத்தியச்சி, தன் காளான் சடங்கில் வெளியூர்க்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். 1957-இல் அது அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. வெளிநாட்டுக் கூட்டம் ஊரை மொய்த்தது, போலீஸ் வந்தது, கடைசியில் அவர் வீடே எரிக்கப்பட்டது. நாளை நவபாஷாணத்தின் பெயரைச் சொல்லி இந்தக் கரையில் யாராவது ‘ஞான முகாம்’ போட்டால் முதல் மறியல் எங்களுடையது.

போதைப்பொருள் சட்டத்தின் தண்டனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0.1 கிராம் எல்.எஸ்.டி. வணிக அளவாகிவிடுகிறது, அதற்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. கடத்தல் முதலாளிக்கு இது போதாது என்றுகூடச் சொல்வோம். ஆனால் கூலிக்குக் கடத்தல் படகேறி மாட்டிக்கொள்கிற பையனையும், போதையில் விழுந்து எழ முடியாதவனையும் அதே தராசில் நிறுத்துவது நியாயமல்ல. விழுந்தவனுக்கு முதலில் சிகிச்சை.

மருத்துவர், மீனவர், மாணவர், நோயோடு வாழ்கிறவர் எல்லோரும் வரலாம். போதை விற்பவருக்கும் அதிசயம் விற்பவருக்கும் இங்கே இடமில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள்; சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். இன்றைக்கே உதவி வேண்டுவோர் 14416-ஐ அழையுங்கள். அது அரசின் டெலி-மானஸ் எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.