ஸ்காட்லாந்து போற டாக்டர்களே, 'டவுட்'னா சந்தேகம் இல்ல!

"ஐ டவுட் ஷீஸ் ப்ரோக்கன் ஹர் ஹிப்."

கீழ விழுந்த பாட்டியைக் கூட்டிட்டு வந்த பேரன் இப்படிச் சொன்னா நமக்கு என்ன புரியும்? "இடுப்பெலும்பு உடைஞ்சிருக்காது"ன்னு புரியும். லண்டன்ல அது சரி. ஸ்காட்லாந்துப் பேச்சுல நேர் எதிர். அங்க 'டவுட்'டுக்கு "அப்படித்தான் இருக்கும்போல, பயமா இருக்கு"ன்னு அர்த்தம்!

பிளாப் எழுதி பிரிட்டன் போற நம்ம ஊர் டாக்டர்கள் ஏராளம். ஐஇஎல்டிஎஸ் மார்க் போதும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இந்த த்ரெட்.

ஸ்காட்ஸ் உடைஞ்ச இங்கிலீஷ் இல்லீங்க. ரெண்டும் பழைய ஆங்கிலத்துலேருந்து கிளைச்ச அக்கா தங்கச்சி. (கேலிக் வேற குடும்பம், குழப்பிக்காதீங்க.) 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல சுமார் 15 லட்சம் பேர் ஸ்காட்ஸ் பேசத் தெரியும்னு சொல்லியிருக்காங்க.

சில சொற்கள் சுலபம். ஆக்ஸ்டர்னா அக்குள். ஹோஸ்ட்னா இருமல். ஸ்கிட்டர்ஸ்னா பேதி. இங்கிலீஷ்காரர் ஜாப்னு சொல்ற ஊசி, அங்க ஜாக். ஒரு நாள்ல மனப்பாடம் ஆயிடும்.

கஷ்டம் வேற இடத்துல. 'வாபிட்'டுக்கு அகராதி டயர்ட்னு போடும். ஆனா அது வேலை செஞ்ச களைப்பு மட்டும் இல்ல. காய்ச்சல் விட்டப்புறம் கை கால் ஓய்ஞ்சு கிடக்குமே, அது. நம்ம ஓபில "ஒரு மாதிரியா வருது டாக்டர்"ங்கிறதை இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா என்ன எழுதுவீங்க? அதே கதைதான். 'பீலி-வாலி'ன்னா முகம் வெளுத்து, பார்த்தாலே சுகமில்லாம தெரியுறது. அதையும் கேஸ் ஷீட்ல டயர்ட்னு சுருக்கினா, ரத்தசோகையைத் தேடச் சொல்ற குறிப்பு அங்கேயே தொலைஞ்சுடும்.

'ட்வாம்' இன்னும் மோசம். பகல் கனவுக்கும் அதான், மயக்கத்துக்கும் அதான். பையன் அடிக்கடி ட்வாம்ல இருக்கான்னு அம்மா சொன்னா, கூப்பிட்டா திரும்புறானா, கண் இமை துடிக்குதா, எத்தனை விநாடின்னு கேட்டே ஆகணும். சின்னப் பசங்களுக்கு வர்ற ஒருவகை வலிப்பு வெளியில பார்க்க அப்படியேதான் இருக்கும்.

டாக்டர்கிட்ட ஒழுங்கான இங்கிலீஷ்ல பேசணும்னு சொல்றவங்க இருக்காங்க. நான் ஒத்துக்க மாட்டேன். வலியில இருக்கிறவர் பள்ளிக்கூட இங்கிலீஷைத் தேடிட்டு இருக்க மாட்டார். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோள்ல எழுதுங்க. உங்க மொழிபெயர்ப்பு அதுக்குக் கீழ வரட்டும்.

அப்புறம், ரெஃபரல் லெட்டர்ல 'அவுட்வித்'னு பார்த்தா எழுத்துப்பிழைன்னு திருத்திடாதீங்க. 'அவுட்சைட்'னு அர்த்தம். அங்க ஆபீஸ் கடிதமே அப்படித்தான் வரும்.