உறங்கும் கிருமி

பலமனேரிலிருந்து புங்கனூர் வழியே மதனப்பள்ளி செல்லும் அன்பர்கள் ஆரோக்கியவரம் என்னும் பெயரை அறிந்திருப்பர். நம் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 1915-ஆம் ஆண்டு, காசநோயாளர்க்கென அங்கே ஒரு மருத்துவ நிலையம் திறக்கப்பெற்றது. தக்க மருந்து காணப்படாத அந்நாளில் தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே பெரும்பாலும் சிகிச்சையாக விளங்கின. பின்னர் மருந்துகள் வந்தன. அவற்றை முறையாக உண்பவர் வீட்டிலிருந்தே குணம் பெறலாம் என்பதைச் சென்னையில் நடந்து 1959-இல் வெளியான ஆராய்ச்சி உலகுக்குக் காட்டிற்று.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். ஆயினும், இருமல் நின்று உடல் தேறியதும் இரண்டாம் மாதத்திலேயே மருந்தைக் கைவிடுவோர் உளர். "நோய் போன பின்னும் மருந்து எதற்கு?" என்பது அவர்தம் வினா. விடை கிருமியின் உள்ளேயே இருக்கிறது.

குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசக் கிருமிக்கோ ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அது வளர்வதையும் அடங்குவதையும் நடத்துவனவற்றுள் 'கைனேஸ்' என்னும் புரதங்கள் முக்கியமானவை. பாஸ்பேட் என்னும் சிறு துணுக்கை வேறொரு புரதத்தின்மீது ஒட்டுவதே கைனேஸின் தொழில். முத்திரை விழுந்த பின்னரே உத்தரவு செல்லுபடியாவது போல, அத்துணுக்கைப் பெற்றதும் அப்புரதத்தின் செயல் மாறுகிறது. இக்கிருமியின் மரபுத் தொகுதி 1998-இல் முழுமையாக வெளியானபோது, ஒருவகைக் கைனேஸ்கள் மட்டும் 11 இருப்பது தெரிந்தது. அவற்றுள் இரண்டு இல்லையேல் கிருமி வளர இயலாது.

வேறுவகைக் கைனேஸ் ஒன்றன் பெயர் 'டெவ்-எஸ்'. அதனையும் அதன் துணையான 'டெவ்-ஆர்' புரதத்தையும் பற்றி, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஜெயா தியாகியின் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டனர். நுரையீரலில் நம் காவல் அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து முடிச்சாக அடைக்கும்போது, அங்கே பிராணவாயு குறைகிறது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் 'ஹீம்' என்னும் பொருள் டெவ்-எஸ்ஸிலும் உண்டு. அதனால் இக்குறைவை அது உணர்கிறது. உடனே பாஸ்பேட்டை டெவ்-ஆருக்கு அளிக்கிறது. டெவ்-ஆர் ஏறத்தாழ 48 மரபணுக்களை எழுப்புகிறது. கிருமி பெருகுதலை நிறுத்தி, சிறிதே உண்டு கிடக்கும் நிலைக்கு வருகிறது.

மருந்துகளுள் பல, வளரும் கிருமியையே எளிதில் வெல்லும். முதற் சில வாரங்களில் அவை பெரும்பாலும் மடிவதால் இருமல் அடங்குகிறது. அடங்கிக் கிடப்பவையோ எஞ்சுகின்றன. மருந்தை இடையில் நிறுத்தினால் அவை மீண்டும் பெருகக்கூடும். மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் தலையெடுக்கவும் அது வழியாகும்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்பவர் நம்மவரிற் பலர். சிகிச்சையின் நடுவே பெயர நேர்ந்தால், புறப்படுமுன் அரசாங்க மருத்துவமனையில் தெரிவித்துச் சீட்டுப் பெற்றுச் செல்லுங்கள். செல்லும் ஊரிலும் அம்மருந்து இலவசமாகவே கிடைக்கும். ஆறு மாதம் நிறைவதற்கு முன் நிறுத்தற்க.