உயர்த்திய வண்டிகளும் சேற்று நிலமும்

சீர்காழி வட்டாரத்தில் கொள்ளிடக் கரையோரமும் கடற்கரையை ஒட்டியும் உள்ள களிமண் நிலங்களில் சேற்றுழவு என்பது டிராக்டருக்கு ஒரு சோதனை. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும் மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். பள்ளமான வயல்களில் வண்டி அச்சு வரை புதைந்து, அதை இழுக்க இன்னொரு வண்டியைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் டிராக்டர்களை உழவர்கள் நாடுவது இதனால்தான். அத்துடன் நிற்காமல், வாங்கிய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் உயர்த்தும் ஆசையும் சிலருக்கு வந்துவிடுகிறது. டிராக்டருக்குப் பெரிய டயர் மாட்டுகிறார்கள். நெல் மூட்டை ஏற்றும் ‘குட்டி யானை’க்கும் ஜீப்புக்கும் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போடுகிறார்கள். அல்லது அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை கொடுத்துத் தூக்குகிறார்கள். 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழையைக் கண்ட ஊரில் உயரமான வண்டி மேல் ஆசை வருவது இயற்கையே.

ஆனால் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, 2000-ல் திருத்தப்பட்டபின், பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். டிராக்டரும் மோட்டார் வாகனந்தான். “வயலில்தானே ஓடுகிறது” என்ற சமாதானம் வண்டி சாலையில் ஏறியதும் செல்லாது.

சாலையில் ஓடும் ஜீப், சரக்கு வண்டி ஆகியவற்றைப் பொறுத்தவரை இத்தடை நியாயமானதே. ஸ்பிரிங்கைத் தூக்கினால் வண்டியின் பளு மையம் மேலே போகிறது. வாய்க்கால் கரைச் சாலையின் திருப்பங்களில் அப்படிப்பட்ட வண்டி சுலபமாகச் சாய்ந்துவிடும். கூடுதல் பட்டை போட்டால் கூடுதல் மூட்டை ஏற்றலாம் என்பது தவறான கணக்கு. பட்டை தாங்கும், பிரேக்கும் அச்சும் டயரும் பழைய அளவுதானே! பட்டை வளையாமல் நிமிர்ந்து நிற்பதால் வண்டி பாரம் தாங்குவதுபோல் தோன்றும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காதபோதுதான் உண்மை தெரியும்.

டிராக்டரின் கதை வேறு. பெரும்பாலான டிராக்டர்களில் ஸ்பிரிங்கே கிடையாது. பின் அச்சு உடலோடு இறுகப் பொருத்தப்பட்டது. முன் அச்சு நடுவில் ஒரு முளையில் தொங்கி, தராசுக்கோல்போல் இருபுறமும் ஆடும். அதிர்ச்சியைத் தாங்குவது டயரில் உள்ள காற்று மட்டுமே. எனவே டிராக்டரை உயர்த்துவது என்றால் பெரிய டயர் மாட்டுவது என்றே பொருள். நான்கு சக்கர இழுவையில் இது பெருங்கேடு. முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நூற்றுக்கு 1 முதல் 5 பங்கு வரை சற்று முந்தி ஓடும்படி பல்சக்கரங்கள் அமைந்திருக்கின்றன. பின்னால் மட்டும் பெரிய டயரோ பெரிய விட்டமுள்ள முழுக் கேஜ்வீலோ மாட்டினால் இந்தக் கணக்கு கெட்டு, முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு பல்சக்கரங்கள் தேயும். (தார்ச் சாலையில் முன் இழுவையை விலக்கிவிட்டு ஓட்டச் சொல்வதும் இதே காரணத்தால்தான். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.)

அதோடு, வண்டி புதைவது உயரம் போதாமல் அல்ல, மண்ணின் மேல் அழுத்தம் மிகுவதால். சேற்றுக்கு அடியில் இருக்கும் கெட்டி அடுக்கு கனத்த வண்டிகளால் உடைந்த வயலில் எவ்வளவு உயர்த்தினாலும் சக்கரம் கீழேதான் போகும். அங்கே தேவை எடை குறைவான வண்டியும் அகலமான பிடிப்பும். டயரில் தண்ணீர் நிரப்புவதும் இரும்பு எடை மாட்டுவதும் புழுதி உழவுக்கு உதவும். ஆழச் சேற்றில் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். டயரோடு சேர்த்துப் பூட்டும் அரைக் கேஜ்வீல் இங்கே ஏற்றது. அது டயரைவிடச் சிறிய விட்டமுள்ளதாக இருந்தால் கெட்டித் தரையில் பதியாது. சக்கர இடைவெளியைக் கூட்டுவது, குறைப்பது போன்று கையேட்டிலேயே சொல்லப்பட்ட வேலைகள் எதுவும் சட்ட மீறல் அல்ல. முழுக் கேஜ்வீலோடு மட்டும் சாலையில் ஏறக்கூடாது. சாலை பெயர்வதாக மாவட்ட நிர்வாகங்கள் எச்சரிப்பதில் தவறில்லை. அதை டிரெய்லரில் ஏற்றிச் சென்று வயலோரத்தில் மாட்டிக்கொள்வது அரை மணி நேர வேலைதான் என்றாலும், வாடகை வண்டிக்காரர்களுக்கு அந்த அரை மணியும் காசு.

சட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. நகரத்தில் பகட்டுக்காக ஜீப்பைத் தூக்குகிறவரும், கடைமடையில் சேற்றோடு மல்லாடுகிறவரும் அதற்கு ஒன்றே. பதிவுச் சான்றில் எடை, அச்சு இடைவெளி போன்றவை உண்டு; ஸ்பிரிங்குக்கென்று தனி இடம் இல்லை. எது குற்றமான மாற்றம், எது சாதாரணப் பொருத்தம் என்பது சோதிக்கும் அலுவலரின் பார்வையைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறினாலும், சிறு உயர்வை அனுமதித்து, அதற்கு மேல் போனால் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்று கேட்கிறார்கள். நம் நாட்டில் டிராக்டர்களைச் சோதிக்க மத்தியப் பிரதேசத்தில் புத்னி நிலையம் இருக்கிறது. சேற்று நிலத்துக்கான சக்கரங்களையும் இணைப்புகளையும் அங்கே சோதித்து ஒரு பட்டியல் வெளியிடலாம். பட்டியலில் உள்ளதைப் பொருத்தினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பதிவுச் சான்றில் குறித்துத் தர வேண்டும். இந்தக் கோரிக்கையை உழவர் சங்கங்கள் எழுப்ப வேண்டும். போக்குவரத்துத் துறையும் வேளாண்மைப் பொறியியல் துறையும் சேர்ந்து குறுவைக்கு முன் சீர்காழியில் ஒரு நாள் முகாம் நடத்தினாலே பாதிச் சந்தேகம் தீரும்.

அதுவரை, பட்டறைக்காரர் சொல்லை நம்பிக் காசைக் கொடுப்பதற்கு முன் பதிவுச் சான்றையும் கையேட்டையும் எடுத்துக்கொண்டு மோட்டார் வாகன ஆய்வாளரை ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. ஏற்கெனவே சரக்கு வண்டியில் பட்டை சேர்த்தவர்கள் எஃப்.சி.க்குப் போகும் வரை காத்திராமல் இப்போதே கழற்றிவிட வேண்டும். கட்டை வைத்துத் தூக்கியிருந்தால், அதை எடுத்தபின் பிரேக் குழாய்கள் எங்கும் உரசாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.