அவலாஞ்சிக்கு எந்த சைக்கிளில் போவது?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. போன வாரம் சித்தி பையன் போன் செய்ததால் இன்றைக்கு எழுதியே ஆகவேண்டியதாகிவிட்டது.

"அக்கா, தாத்தா சைக்கிள் ஷெட்ல சும்மாதானே கெடக்கு? நான் ரெடி பண்ணி எடுத்துக்கட்டுமா? லீவுக்கு ஊட்டிலேர்ந்து அவலாஞ்சி போயிட்டு, அப்புறம் மஞ்சூர், அப்படியே கீழ கோயமுத்தூர் வரைக்கும்..."

பையனிடம் சேர்த்துவைத்த காசும் கொஞ்சம் இருக்கிறது. அதை அந்தக் கறுப்பு சைக்கிளுக்குச் செலவழிக்கப் போகிறானாம். வேண்டாம் என்று சொன்னேன். பெரியவர் ஞாபகத்தை மதிக்காதவள் என்று எனக்குப் பட்டம் கட்டிவிட்டான். சித்தியும் அவன் பக்கம். அதனால் என் தரப்பை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் தாத்தாவின் வண்டி. குந்தா மின்திட்டம் 1956-ல் கனடா நாட்டு உதவியோடு தொடங்கியபோது கீழேயிருந்து வேலைக்கு வந்தவர் அவர். அவலாஞ்சி, எமரால்டு அணைகள் எழும்பிய காலம். வரும்போது சைக்கிளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சமவெளிக்காரருக்கு சைக்கிள் இல்லாமல் ஒரு வேலை எப்படி இருக்கமுடியும்! ஆனால் அவர் அதை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம் என்று பாட்டி சொல்வார். காம்ப்புக்குள் கொஞ்சம் சமமான இடத்தில் ஓட்டுவாராம். மற்றபடி அரிசி மூட்டை வைத்துத் தள்ள ஒரு நல்ல வண்டி.

அந்தச் சைக்கிளை நான் ஏற்கெனவே ஒருமுறை புதுப்பித்துப் பார்த்திருக்கிறேன் என்பது தம்பிக்குத் தெரியாது. காலேஜ் முதல் வருஷ லீவில் செய்தது. ஓவராயில், புது பால்ரஸ், புது செயின், 28க்கு ஒன்றரை டயர் இரண்டு, பெயிண்ட் என்று எல்லாம் ஆனது. பெடல் தண்டில் அடித்திருந்த காட்டர் பின் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வராமல், இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கழற்றினோம். மெக்கானிக் அண்ணன் முடித்துக் கொடுக்கும்போதே சொன்னார்: "பாப்பா, இது கீழ்நாட்டு வண்டிம்மா. இங்க வச்சு அழகு பாரு." நான் கேட்டால்தானே!

ஊட்டியிலிருந்து அவலாஞ்சி சுமார் 28 கிலோமீட்டர். கெய்ர்ன்ஹில் காட்டைத் தாண்டி, முத்தோரை பாலாடாவின் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கி, எமரால்டு வழியாகப் போகவேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அணைப்பக்கம் அதைவிடத் தாழ்வு. அதாவது போகும்போது பெரும்பாலும் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். ஆசை காட்டி மோசம் செய்கிற ரோடு.

பாலாடா தாண்டியதும் தூறல் பிடித்தது. இந்தப் பக்கத்து மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே 1800-களின் தொடக்கத்தில் நடந்த பெரிய மண்சரிவால்தான். அன்றைக்கு வந்தது வெறும் தூறல். அதுவே போதுமானதாக இருந்தது. கம்பி பிரேக்கில் ரப்பர் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய் மேல்நோக்கி அழுத்தும். ரிம்மோ குரோமியம் பூசிய இரும்பு. நனைந்த இரும்பில் ரப்பர் வழுக்கத்தான் செய்யும். இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்கிறேன், வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. எதிரே காய்கறி ஏற்றின பிக்கப். செருப்புக் காலை ரோட்டில் தேய்த்து, கடைசியில் ஒரு கேரட் தோட்டத்து மண்மேட்டில் மோதி நின்றேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. செருப்பு போயிற்று. வீட்டில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லி வைத்தேன் (அம்மா இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்).

இது தாத்தா சைக்கிளின் குற்றமில்லை. அது தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் செய்த வண்டி. சமவெளியில் அது ராஜா. பிரான்சின் ஆடாக்ஸ் கிளப் விதிப்படி நடக்கும் நெடுந்தூரப் பயணங்களில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். நிற்கிற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வராது. கோவையிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் சமமான ரோட்டில், எண்ணெய் போட்ட ஒரு பழைய கறுப்பு சைக்கிளில் இதை முடித்துவிடலாம் என்றே நினைக்கிறேன். பிரச்சினை மலையில்தான்.

ஏற்றத்துக்கு வருவோம். கொஞ்சம் கணக்குப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தாத்தா வண்டியில் முன்சக்கரப் பல் 44, பின்னால் ஃப்ரீவீல் 18. ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். நானும் சைக்கிளும் சாமானும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறுகிற ரோட்டில், சாதாரண ஆள் மணிக்கணக்காகக் கொடுக்கக்கூடிய பலத்தில் (120, 130 வாட்) கிடைக்கிற வேகம் மணிக்கு சுமார் 7 கிலோமீட்டர். அப்படியென்றால் நிமிஷத்துக்கு 22 தடவைதான் பெடல் சுற்றும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படியில் சிலிண்டர் தூக்குகிற மாதிரி. முட்டி எத்தனை நாள் தாங்கும்? ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினாலும் 26 தடவைதான். கால் லகுவாகச் சுற்ற 70, 80 தடவை வேண்டும்.

மூன்று பல் சக்கரம் வைத்த பழைய மவுண்டன் சைக்கிளில் முன்னால் சின்னது 24, பின்னால் 34 பல் வரைக்கும் போகிற மெகாரேஞ்ச் ஃப்ரீவீல் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான் போகும். அதே வேகத்தில், அதே பலத்தில் நிமிஷத்துக்கு 80 சுற்று. வித்தியாசம் அவ்வளவுதான்! அந்த ஃப்ரீவீல் எனக்கு 600 ரூபாய்க்குக் கிடைத்தது.

கியர் வைத்து ஏறுவது கெத்து இல்லை என்று ஒரு கோஷ்டி எப்போதும் உண்டு. இது இன்றைய வியாதி இல்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937 வரைக்கும் கியர் மாற்றும் கருவிக்குத் தடை இருந்தது. பந்தயத்தை நடத்தியவர் அதை வயசானவர்கள் சமாசாரம் என்று நினைத்தவர். அதே நாட்டில் வெலோசியோ என்ற பெயரில் எழுதிவந்த பால் தெ விவி, மலையேற சின்னப் பல்லும் பெரிய பல்லும் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடிக்கொண்டிருந்தார். நம்ம ஊர் ரயிலைப் பாருங்களேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12-க்கு 1 என்கிற சரிவு. நீராவி எஞ்சினே அங்கே தண்டவாளத்துக்கு நடுவில் பல் சட்டம் வைத்துப் பிடித்துக்கொண்டுதான் 1899-லிருந்து ஏறுகிறது. எஞ்சினுக்கில்லாத வெட்கம் நமக்கெதற்கு?

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் இலவச சைக்கிள் எனக்கும் வந்தது. பார் இல்லாத லேடீஸ் மாடல், முன்னால் கூடை. அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சமவெளியில் எத்தனை பெண்கள் அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போனார்கள்! ஆனால் அதே ஒற்றைப் பல் வண்டிதான் நாகப்பட்டினத்துக்கும், அதேதான் எமரால்டுக்கும். எங்கள் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு நாளாவது ஓட்டியவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். மலை மாவட்டத்துக்கு மட்டும் ஒரு சின்ன கியர் செட் வைத்துக் கொடுத்தால் என்ன? டிசம்பர் மாதம் டூர் ஆஃப் நீலகிரிஸ் (2008-ல் தொடங்கியது) வரும்போது வெளியூர்க்காரர்கள் வரிசையாக ஏறிப் போவதை வேலி ஓரம் நின்று பார்த்தவர்கள் நாங்கள். அவர்களுக்கு ஏதோ தனிப் பிறவிக் கால் என்று நினைத்திருந்தேன். முக்கால்வாசி பல் கணக்கு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இனி எடை. கடைக்குப் போனால் முதலில் சொல்வது "இது பதினொரு கிலோதான் மேடம்" என்பதைத்தான். மூன்று கிலோ குறைக்க ஏகப்பட்ட ஆயிரங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற எனக்கு ஒரு மூன்று மணி நேரம் ஆகும். மொத்தம் 85 கிலோவில் மூன்று கிலோ குறைந்தால் மிச்சமாவது ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்தை பர்லியார் டீக்கடையில் ஒரு பஜ்ஜி சாப்பிடாமல் மிச்சம் பிடிக்கலாம். பந்தயம் ஓடுகிறவர்கள் வாங்கட்டும். சட்டியும் போர்வையும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு எதற்கு?

ஆனால் பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் சுமார் 1,400 மீட்டர். 85 கிலோ அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படுகிற சக்தி, மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு பங்கு காற்றோடு போகும். மிச்சமெல்லாம் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாகத்தான் இறங்கவேண்டும். அதனால் அலாய் ரிம், நல்ல கட்டை, புது கேபிள். விடாமல் அழுத்திக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன்னால் கெட்டியாகப் பிடித்து, பிறகு விட்டு ஆறவிடவேண்டும்.

நான் இப்போது ஓட்டுவது உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையில் கண்டெடுத்த மவுண்டன் சைக்கிள். 2,000 ரூபாய். ஸ்டீல் ஃப்ரேம், முன்னால் ஸ்பிரிங் இல்லாத சாதா ஃபோர்க் (மலிவு வண்டியில் ஸ்பிரிங் ஃபோர்க் வெறும் பாரம், மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அது குதித்தே தீர்த்துவிடும்). வாங்கும்முன் மெக்கானிக் அண்ணன் நூல் கட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். ஹேண்டில் குழாயிலிருந்து பின்சக்கரம் மாட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அளப்பது. கொத்தனார் வேலைதான். ஹேண்டிலுக்குக் கீழே குழாயின் அடிப்பக்கத்தில் பெயிண்ட் சுருங்கியிருந்தால் எங்கோ மோதிய வண்டி, தொடக்கூடாது. சீட்டுக் கம்பி அசையாவிட்டாலும் விட்டுவிடலாம். மேல்துரு பரவாயில்லை, தேய்த்தால் போகும். நம்ம பனியில் துரு உள்ளிருந்துதான் தின்னும், ஆகவே குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஆட்டி வைப்பது நல்லது.

ஃப்ரீவீல் 600, இரண்டு அலாய் ரிம் 1,500, பிரேக் கட்டையும் கேபிளும் 700, ஒல்லி டயர் இரண்டு 1,400, ஸ்போக்ஸ் கட்டிக் கோட்டம் எடுத்து பால்ரஸ் மாற்றியது 500, கேரியர் 500, முன்பின் லைட் 800. வண்டி விலையோடு சேர்த்துச் சரியாக எட்டாயிரம். பார்க்க அழகாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன். போன நவம்பரில் இதே வண்டியில் அவலாஞ்சி போய், அணையைப் பார்த்துவிட்டு (காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் போகலாம், சைக்கிள் கேட் வரைக்கும்தான்) பாலாடா ஏற்றத்தில் இறங்கித் தள்ளாமல் திரும்பி வந்தேன். அன்றைக்கும் மழை. பிரேக் பிடித்தது.

தாத்தா சைக்கிளுக்கே கியர் வைத்தால் என்ன என்று தம்பி கேட்பான். நானும் கேட்டேன். அந்தக் கால ஃப்ரேமில் பின்சக்கரத்துக்கான இடைவெளி 11 சென்டிமீட்டர் சொச்சம்தான். கியர் சக்கரத்துக்கு 13-க்குக் குறையாமல் வேண்டும். விரிக்கலாம், வெல்டிங் வைக்கலாம். அறுபது வருஷத்து இரும்பை விரித்து, அதில் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவில் இறங்க எனக்கு தைரியம் இல்லை. அவனை இறங்கவிடவும் மனசில்லை.

நேற்று ராத்திரி மறுபடியும் பேசினோம். ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் தாத்தா வண்டியைக் கோவையில் அவன் ரூமில் வைத்துக்கொள்வதென்றும், காலேஜுக்கும் பாலக்காட்டுப் பக்கத்துக்கும் மட்டும் ஓட்டுவதென்றும் முடிவானது. மலைக்குத் தனி வண்டி. ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் சந்திக்கிறோம், நூல்கண்டு நான் கொண்டுவருகிறேன்.