பழைய ஜீப்பா, புதிய வாகனமா? மச்சானுக்குச் சொன்ன பதில்



கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனம் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள். அந்த யோசனை இல்லாதவர்களும் யாருடைய வாகனத்திலாவது பிள்ளைகளை ஏற்றி அனுப்புபவர்கள்தானே, நீங்களும் வாசிக்கலாம்.

போன கிழமை தங்கச்சியின் மாப்பிள்ளை வட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினார். ஒன்று, தொண்ணூறுகளில் வந்த டீசல் ஜீப். உயரமான வாகனம், பின்னால் பெஞ்ச் போட்டது, ஏழெட்டுப் பேர் ஏறலாம். கையில் உள்ள காசுக்குக் கிடைக்கும். மற்றது, சில வருடம் மட்டும் ஓடிய சின்ன எஸ்யூவி. ஐந்து சீட். அதற்குக் கையில் உள்ளது போதாது, மிச்சத்துக்கு லீசிங் அல்லது இஜாரா போட வேண்டும்.

கீழே ஒரு வொய்ஸ்: "மச்சான், எத எடுப்பம்? ஜீப் எண்டா இரும்பு. புதுசெல்லாம் தகரம், கையால அமத்தினா பள்ளம் விழுது. ஊர்ல எல்லாரும் ஜீப்பத்தான் எடுக்கச் சொல்றாங்க."

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியை இந்த ஒரு வருடத்துக்குள் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனத்தின் விலை குறைவதற்குப் பதிலாக ஏறியது. வேறு நாட்டில் முப்பது வருட ஜீப்பை ஆசைக்கு வாங்குவார்கள். நம் நாட்டில் குடும்பத்துக்கென்று வாங்க வேண்டிய நிலை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் பழைய ஜீப் என்றால் உயிர். சின்ன வயதில் வாப்பாவோடு வயலுக்குப் போனது ஒருவருடைய வில்லிஸ் ஜீப்பில்தான். மாரி காலத்தில் உழவு மெசின் திணறிய சேற்றிலும் லோ கியரைப் போட்டு ஏறி வந்துவிடும்.

அந்த வாகனங்களின் நல்ல குணத்தை யாரும் மறுக்க முடியாது. அடியில் ஏணி மாதிரி இரும்புச் சட்டம், அதன் மேல்தான் உடம்பு. நாலு சில்லும் இழுக்கும், லோ ரேஞ்ச் கியர் தனியாக இருக்கும். சென்சரும் கம்பியூட்டரும் குறைவு என்பதால் ஊர் கராஜிலேயே திருத்தலாம். சாமான் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுக்கலாம்.

இப்போது எஸ்யூவி என்று விற்பதெல்லாம் ஜீப் இல்லை என்பதும் உண்மை. நம் வீதியில் ஓடும் வெசல், ரைஸ் போன்றவற்றில் பெரும்பாலானவை முன் சில்லு இரண்டால் மட்டும் ஓடுபவை. அடிப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 185 மில்லிமீற்றர் உயரம். கார்களைவிடக் கொஞ்சம் உயர்ந்தது, அவ்வளவுதான். அதைக் கொண்டு சேற்று வயலுக்குள் இறங்கினால் மெசின் வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

அப்படியானால் ஜீப்தானே சரி என்பீர்கள். இனித்தான் விசயம் இருக்கிறது.

"இரும்பு" என்று சொல்கிறோமே, அந்த இரும்பு யாரைக் காப்பாற்றுகிறது? வாகனத்தையா, உள்ளே இருப்பவரையா?

பத்தாம் ஆண்டுக்கு நியூட்டனின் விதிகளைப் படிப்பிக்கும்போது நான் சொல்லும் கணக்கு ஒன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போய் மதிலில் மோதுவதும், மூன்று மாடி உயரத்திலிருந்து, அதாவது சுமார் 10 மீற்றரிலிருந்து, விழுவதும் வேகத்தில் ஒன்றுதான். அந்த வேகம் செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 20 கிலோ எடையுள்ள பிள்ளை ஏறக்குறைய 280 கிலோ பாரம் போல முன்னுக்கு இழுபடும். மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொள்வேன் என்று எந்தத் தாயும் நினைக்க வேண்டாம். அந்தப் பாரத்தைத் தாங்கும் கை உலகத்தில் இல்லை.

புதிய வாகனத்தின் முன்பக்கம் நசுங்குவது தரம் குறைந்ததால் என்று நினைக்கிறோம். நசுங்க வேண்டும் என்றே அதைச் செய்திருக்கிறார்கள். முன்பக்கம் நசுங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வேகம் படிப்படியாகக் குறைகிறது. உள்ளே ஆட்கள் இருக்கும் பெட்டி நசுங்காமல் நிற்கிறது. பெல்ட்டும் ஏர்பேக்கும் ஆளைப் பிடித்துக்கொள்கின்றன. பழைய ஜீப்பின் விறைத்த சட்டம் நசுங்குவது குறைவு. ஆகவே அந்த அதிர்ச்சியில் பெரும் பங்கு உள்ளே இருப்பவர் உடம்புக்குப் போகிறது. விபத்துக்குப் பிறகு பம்பரைத் தட்டி நிமிர்த்தி ஜீப்பை மறுபடியும் ஓடலாம். உள்ளே இருந்தவரின் கழுத்தை அப்படி நிமிர்த்த முடியாது.

இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கலியாணத்துக்காக இரவல் ஜீப் ஒன்றில் குடும்பத்தோடு போனோம். பின்னால் பக்கவாட்டுப் பெஞ்ச், அதில் பெல்ட் என்ற பேச்சே இல்லை. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ராத்தாவின் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு அதில் இருந்தாள். இரவு, வீதியில் மாடு படுத்திருந்தது. சாரதி பிரேக் பிடித்தார். வேகம் நாற்பதுகூட இருக்காது. எதிலும் மோதவில்லை, வாகனத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மகள் பெஞ்சிலிருந்து வழுகிப் போய் முன் சீட்டின் கம்பியில் முகத்தை அடித்துக்கொண்டாள். நாடியில் நாலு தையல். அல்ஹம்துலில்லாஹ், அதோடு போனது. இன்றைக்கும் அந்தத் தழும்பைப் பார்க்கும்போது, முன் சீட்டில் பெல்ட்டோடு இருந்தது நான் என்பதுதான் நினைவுக்கு வரும்.

முன் சீட்டில் பெல்ட் போடாவிட்டால் பொலிஸ் பிடிக்கும் என்பதால் போடுகிறோம். பின்னால் பிள்ளைகளைச் சாமான் மாதிரி அடுக்குகிறோம். நம் ஊர்களில் பழைய ஜீப்பை விரும்புவதற்குப் பெரிய காரணம் சேறும் இல்லை, மலையும் இல்லை. "எல்லாரும் ஏறலாம்" என்பதுதான். மனம் திறந்து அதைப் பேசுவோம்.

இன்னொரு காரணமும் சொல்வார்கள்: வெள்ளம் வந்தால் ஜீப் போகும். இந்த நினைப்பு ஆபத்தானது. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மதரஸாப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற உழவு மெசினுக்கு என்ன நடந்தது என்று நம் பகுதியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நம் வீதிகளில் ஓடுவதில் மெசினை விட உயரமாகச் சேற்றில் நிற்கும் வாகனம் எது? ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தால் சின்னக் காரை நகர்த்தும். இரண்டு அடி இருந்தால் ஜீப்பையும் கெப்பையும் இழுக்கும். பழைய லேண்ட்ரோவர் டிஃபெண்டருக்கே கம்பனி சொன்ன அளவு அரை மீற்றர் தண்ணீர். புதிய டிஃபெண்டருக்கு 900 மில்லிமீற்றர் வரை சொல்கிறார்கள். இந்த அளவெல்லாம் அடி தெரிந்த, ஓடாத தண்ணீருக்கு. தாம்போதியின் மேல் தண்ணீர் பாயும்போது வாகனத்தின் வயதும் விலையும் ஒன்றுக்கும் உதவாது. திரும்பி வருவதுதான் ஒரே வழி.

இனிக் காசுக் கணக்கு. மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். பழைய பெரிய டீசல் ஜீப் லீற்றருக்கு எட்டு கிலோமீற்றர் ஓடினால் 125 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று எடுத்தால் 37,500 ரூபா. சின்ன ஹைபிரிட் ஒன்று 20 கிலோமீற்றர் ஓடினால் 50 லீற்றர், 15,000 ரூபா. மாதம் 22,500 ரூபா வித்தியாசம். 2022இல் கியூஆர் வந்தபோது இப்படியான வாகனங்களுக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் தந்தார்கள். எட்டு கிலோமீற்றர் ஓடும் ஜீப் அந்த 20 லீற்றரில் கிழமை முழுக்க 160 கிலோமீற்றர். அந்த நாட்களில் எத்தனை ஜீப் வீட்டு முற்றத்தில் படுத்துக் கிடந்தது என்று நமக்குத் தெரியும்.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. எரிபொருளில் மிச்சம் பிடிப்பதை விட மாதத் தவணை பெரிதாக இருந்தால், புதிய வாகனம் வீட்டுக்குள் பிரச்சினையைத்தான் கொண்டு வரும். ஹைபிரிட் பெட்டரி பழுதானால் பெரிய செலவு. சம்பளத்தில் வாழும் என்னைப் போன்றவர்கள், தவணை போக வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்ன மிஞ்சும் என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். தவணை தாங்காது என்றால் அதைவிடச் சின்ன வாகனம் வாங்குங்கள். அதற்காகப் பெல்ட் இல்லாத ஜீப்புக்குப் போகாதீர்கள்.

என் முடிவு இதுதான்.

வருடத்தில் 350 நாள் செய்யும் வேலைக்கு வாகனம் வாங்குங்கள். பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி, குடும்ப வீடு. இதற்கு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டும் ஒரு பெல்ட்டும், ஏர்பேக்கும், ஏபிஎஸ் பிரேக்கும் உள்ள சின்ன வாகனம் போதும். மிச்சம் பதினைந்து நாள், எல்லோரும் சேர்ந்து கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போகும்போது, வேன் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். மஹியங்கனையால் போய் அந்தப் பதினெட்டு வளைவில் ஏறி இறங்குவதற்கு, பாதை பழகிய சாரதியும் நல்ல பிரேக்கும் உள்ள வேன், நம் முப்பது வருட ஜீப்பை விட எவ்வளவோ மேல்.

உண்மையிலேயே நாலு சில்லும் இழுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். வயல் பாதையில் தினமும் போகிறவர்கள், உள்ளூர்ப் பாடசாலைகளுக்கு மண் ரோட்டால் போகும் ஆசிரியர்கள். அவர்களுக்கு ஜீப் ஆடம்பரம் இல்லை. அவர்களும் தொண்ணூறுகளின் வாகனத்தை விட்டு, 2005க்குப் பிறகு வந்ததைப் பார்ப்பது நல்லது. சட்டமும் லோ ரேஞ்சும் அதிலும் கிடைக்கும், ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து வரும் வாய்ப்பு அதிகம். சின்னதாக வேண்டுமென்றால் ஜிம்னி உண்மையான ஜீப்தான். ஆனால் நாலு பேருக்கு மட்டும்தான் சீட். 2018 மொடலுக்கு யூரோ என்கெப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான் கிடைத்தது என்பதையும் தெரிந்து வாங்குங்கள்.

பழையது எதுவானாலும் காசு கொடுக்க முன் இவற்றைப் பாருங்கள்:

1. செசி நம்பரும் என்ஜின் நம்பரும் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா? மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடும் ஒத்துப் பாருங்கள். துண்டு துண்டாகப் பொருத்திய ஜீப்கள் நம் நாட்டில் குறைவில்லை.

2. வாகனத்தைத் தூக்கி அடியைப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய வாகனத்தின் சட்டத்தை உப்புக் காற்று தின்றிருக்கும். மேலே அடித்த புது பெயின்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

3. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் பத்து வருட டயரில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

4. 2000க்கும் 2015க்கும் இடைப்பட்ட வாகனம் என்றால், டகாட்டா ஏர்பேக் திருப்பியழைப்பில் அது உள்ளதா என்று செசி நம்பரைக் கொடுத்து ஏஜென்டிடம் கேளுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில்தான் அந்தப் பழுது வேகமாக வளர்கிறது.

5. பின் சீட்டில் ஏறி இருந்து எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பூட்டிப் பாருங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இதையெல்லாம் மச்சானுக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா, "அப்ப உம்மாவையும் கூட்டிட்டுப் போறதெண்டா என்ன செய்ற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் வீட்டில் பிள்ளைகள் மூன்று, உம்மாவோடு ஆறு பேர். ஐந்து சீட்டுக்குள் அடங்காது.

நான் பதில் சொல்ல முன் தங்கச்சி போனை வாங்கிச் சொன்னாள்: "காக்கா, உம்மாவ நாங்க ரெண்டாந்தரம் போய்க் கூட்டி வாறம். பிள்ளயள பெஞ்சில வெச்சிப் போறத்துக்கு நான் ஏற மாட்டன்."

ஜீப்புக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். வரும் என்று நம்புகிறேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள், முக்கியமாக ஜீப் வைத்திருப்பவர்கள், கீழே எழுதுங்கள். கோபிக்க மாட்டேன். ஜீப் உள்ளவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள்: விற்க வேண்டாம், இந்த மாதத்துக்குள் பின் பெஞ்சைக் கழற்றிவிட்டு, முன்பார்த்த சீட்டும் மூன்று முனைப் பெல்ட்டும் செசியோடு உறுதியாகப் போட முடியுமா என்று நல்ல கராஜ் ஒன்றில் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், அந்தப் பெஞ்சில் நெல் மூட்டையை ஏற்றுங்கள். பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

அல்லாஹ் நம் எல்லோருடைய பிரயாணங்களையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக.