பெயர்ப் பலகையில் மூன்று பேர்... மற்றவர்கள் எங்கே?

துபாய்க்குப் போய்வந்த சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ, யாராக இருந்தாலும் சரி, புர்ஜ் கலீஃபா முன்னால் நின்று எடுத்த ஒரு போட்டோ கட்டாயம் வைத்திருப்பார். 828 மீட்டர் உயரம், 2010-ல் திறந்தார்கள், உலகத்திலேயே உயரமான கட்டிடம் என்று விவரமும் கூடவே வரும். "சரி, அதை டிசைன் பண்ணினது யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ அமெரிக்கக் கம்பெனி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த 'ஏதோ கம்பெனி'யின் பெயர் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில். சுருக்கமாக எஸ்.ஓ.எம். சிகாகோவின் சியர்ஸ் டவர், நியூயார்க்கில் 2014-ல் திறந்த ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டர், அதே வருடம் மும்பை விமான நிலையத்தில் திறந்த இரண்டாவது டெர்மினல் எல்லாமே இவர்கள் டிசைன்தான்.

வேடிக்கை என்னவென்றால், "ஏதோ கம்பெனி" என்று சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. வேலைக்கு அடியில் தனி ஆள் பெயர் வேண்டாம், கம்பெனி பெயர் போதும் என்பதுதான் அந்த நிறுவனத்தின் ஆரம்பகாலக் கொள்கையே. அந்தக் கொள்கையால் அவர்கள் சம்பாதித்தது நிறைய. அதற்காகச் சிலர் இழந்ததும் நிறைய. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு டேலி ஆகும்.

மைத்துனர்கள் ஆரம்பித்த கம்பெனி

லூயிஸ் ஸ்கிட்மோரும் நதானியேல் ஓவிங்ஸும் மைத்துனர்கள். ஓவிங்ஸின் சகோதரியைத்தான் ஸ்கிட்மோர் கல்யாணம் செய்திருந்தார். அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். 1933-34-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. கண்காட்சி முடிந்த பிறகு, 1936-ல் அதே ஊரில் ஆபீஸ் போட்டார்கள். மறு வருடமே நியூயார்க்கில் இன்னொன்று. 1939-ல் ஜான் மெரில் என்ற என்ஜினியர் சேர்ந்தார். பெயர்ப் பலகை நிறைந்துவிட்டது.

வழக்கமாக ஆர்க்கிடெக்ட் படம் போட்டுக் கொடுப்பார். கம்பிக் கணக்கு ஒருவரிடம், மின்சாரம் இன்னொருவரிடம், உள் அலங்காரம் வேறொருவரிடம் என்று வாடிக்கையாளர் அலைய வேண்டியிருக்கும். இவர்கள் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவில் பழைய பெரிய தேவாலயங்களைக் கட்டிய கைவினைஞர் குழுக்களோடு தங்கள் கம்பெனியை ஓவிங்ஸ் ஒப்பிட்டார். அங்கே கட்டிடம் நிற்கும், கொத்தனார் பெயர் நிற்காது.

இந்த முறைக்கு வந்த முதல் பெரிய பரீட்சை இரண்டாம் உலகப்போர். அணுகுண்டுத் திட்டத்துக்காக டென்னசியில் ஓக் ரிட்ஜ் என்று ஒரு ரகசிய ஊர். அதைத் திட்டமிடும் வேலை இவர்களுக்கு வந்தது. எந்த இடத்தில் கட்டப்போகிறோம் என்பதையே முதலில் சொல்லவில்லையாம்! 13,000 பேருக்கு என்று ஆரம்பித்த ஊர், 1945-ல் சுமார் 75,000 பேர் வாழும் இடமாகிவிட்டது. தனி மேதை ஒருவர் ராத்திரி விழித்து உட்கார்ந்து வரைந்து முடிக்கிற வேலையா இது? இதற்குத் தேவை ஒரு பெரிய, ஒழுங்கான ஆபீஸ்.

சோப்புக் கம்பெனிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

லக்ஸ், லைஃப்பாய் தெரியாதவர் யாரும் இல்லை. அந்த லீவர் பிரதர்ஸின் அமெரிக்கத் தலைமையகம்தான் எஸ்.ஓ.எம்மை உலகுக்குக் காட்டியது. நியூயார்க் பார்க் அவென்யூவில் 1952-ல் முடிந்த லீவர் ஹவுஸ், 24 மாடி. சுற்றிலும் கல் கட்டிடங்களாக நின்ற தெருவில் பச்சையும் நீலமுமாக ஒரு கண்ணாடிப் பெட்டி. வாங்கிய நிலத்தில் கால்வாசி அளவுக்குத்தான் கோபுரம். தரைத்தளத்தின் பெரும்பகுதியை மக்கள் நடக்க விட்டுவிட்டார்கள். ஜன்னல்களைத் திறக்கவே முடியாது. கூரையிலிருந்து ஒரு தொட்டில் இறங்கிவந்து வெளிப்புறக் கண்ணாடியைக் கழுவும். சோப்புக் கம்பெனிக்கு இதைவிட நல்ல விளம்பரம் உண்டா? :-)

ஆனால் அந்தக் கண்ணாடிச் சுவர் காலப்போக்கில் சொதப்பியது. உள்ளே தண்ணீர் இறங்கி, இரும்புச் சட்டங்கள் துருப்பிடித்துப் பருத்து, கண்ணாடிகள் உடைந்தன. கடைசியில் சுவர் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் அந்த வேலையைச் செய்தது யார்? அதே எஸ்.ஓ.எம்! முதலில் டிசைனுக்குப் பொறுப்பாக இருந்த கூட்டாளி கோர்டன் பன்ஷாஃப்ட் 1990-லேயே இறந்துவிட்டார். ஆனாலும் கம்பெனி திரும்பி வந்து தன் பழைய வேலையைச் சரிசெய்தது. ஒரு தனி மேதையின் ஆபீஸாக இருந்திருந்தால், அவரோடு அதுவும் மூடியிருக்கும்.

ஒரே மேஜையில் ஆர்க்கிடெக்டும் என்ஜினியரும்

ஒரே கூரைக்குக் கீழே இருந்ததன் முழுப் பலன் சிகாகோ ஆபீசில்தான் தெரிந்தது. டாக்காவில் 1929-ல் பிறந்து, உதவித்தொகையில் அமெரிக்கா போன ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அங்கே என்ஜினியர். புரூஸ் கிரஹாம் ஆர்க்கிடெக்ட். கட்டிடம் உயர உயரக் காற்றைத் தாங்க இரும்பு எக்கச்சக்கமாகச் செலவாகும். கானின் யோசனை எளிமையானது. பலத்தை உள்ளே அடைக்காமல் வெளிச்சுவரிலேயே வைத்தால், கட்டிடம் முழுவதும் மூங்கில் போல ஒரே குழாயாக நிற்கும்.

இதில் மிச்சம் எவ்வளவு? 1961-ல் இதே எஸ்.ஓ.எம் நியூயார்க்கில் முடித்த சேஸ் மன்ஹாட்டன் கட்டிடத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 275 கிலோ இரும்பு ஆனது. 1969-ல் சிகாகோவில் கானும் கிரஹாமும் முடித்த 100 மாடி ஜான் ஹான்காக் கட்டிடத்துக்குச் சுமார் 145 கிலோதான். கட்டிடம் உயரம் கூடியது, இரும்பு கிட்டத்தட்ட பாதியானது. அடுத்து 1974-ல் முடிந்த சியர்ஸ் டவருக்கு ஒன்பது குழாய்களைக் கட்டாகச் சேர்த்தார்கள். கிரஹாம் ஒரு கொத்து சிகரெட்டைக் கையில் பிடித்து, ஒன்றை மேலே ஒன்றைக் கீழே தள்ளி அந்த யோசனையை விளக்கியதாகச் சொல்வார்கள். 442 மீட்டர், 110 மாடி. 1998 வரை உலகிலேயே உயரமான கட்டிடம் அதுதான்.

இந்தப் பேச்சு இரண்டு தனித்தனிக் கம்பெனிகளுக்கு நடுவே, கடிதப் போக்குவரத்தில் நடந்திருக்குமா? சந்தேகம்தான்.

கூட்டாளி போனாலும் கடை போகாது

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குக் கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல் கணக்குகள் தலைவலி. 1932-ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்ததுமே கூட்டாண்மை கலைந்துவிடும் என்றும் படித்திருப்பார்கள். அதை மனதில் வைத்து எஸ்.ஓ.எம்மைப் பாருங்கள். ஸ்கிட்மோர் 1962-ல் இறந்தார், மெரில் 1975-ல், ஓவிங்ஸ் 1984-ல். பலகையில் உள்ள மூவரும் போய்ப் பல வருடம் ஆகிறது. கம்பெனி நடந்துகொண்டிருக்கிறது. புர்ஜ் கலீஃபாவின் டிசைனர் ஏட்ரியன் ஸ்மித், கட்டிடம் பாதியில் நிற்கும்போதே 2006-ல் விலகித் தனிக் கம்பெனி தொடங்கினார். கட்டிடம் நின்றுவிடவில்லை. மூத்தவர்கள் விலக, உள்ளே வளர்ந்தவர்கள் கூட்டாளியாக, பெயர் மட்டும் அப்படியே தொடர்கிறது.

வாடிக்கையாளர் நம்புவது அந்தப் பெயரைத்தான். பாடப் புத்தகத்தில் அதற்கு 'நற்பெயர்' என்று பேர். சரி... அந்த நற்பெயரை உண்டாக்கியவர்கள் எல்லாரும் அதில் பங்கு பெற்றார்களா?

பலகைக்குப் பின்னால் ஒரு பெண்

நடாலி டி ப்ளுவா 1921-ல் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து 1944-ல் எஸ்.ஓ.எம்மில் சேர்ந்தார். லீவர் ஹவுஸ், பெப்ஸி-கோலா தலைமையகம், 52 மாடி யூனியன் கார்பைடு கட்டிடம் எல்லாவற்றிலும் அவருடைய கை உண்டு. வெளியில் பேசப்பட்ட பெயர் பன்ஷாஃப்ட். முக்கியமான சந்திப்புக்கு முன்னால், போட்டிருந்த பச்சை உடை பிடிக்கவில்லை என்று பன்ஷாஃப்ட் தன்னை வீட்டுக்கு அனுப்பி மாற்றிவரச் சொன்னதை டி ப்ளுவாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1964-ல் துணைக் கூட்டாளி ஆனார். முழுக் கூட்டாளி? கடைசி வரை இல்லை. 1973-ல் ஓவிங்ஸ் தன் சுயசரிதையில் ஒன்றை ஒப்புக்கொண்டார்: ஆண் நாயகர்களின் பெயரில் வெளிவந்த எத்தனையோ நல்ல டிசைன்கள் உண்மையில் இவருக்குக் கடன்பட்டவை, கம்பெனியும் வாடிக்கையாளர்களும் அவருக்கு உரிய பெயரைக் கொடுக்கவில்லை என்று. மறு வருடம், முப்பது வருட வேலைக்குப் பிறகு, டி ப்ளுவா கம்பெனியை விட்டுப் போனார். 1988-ல் கட்டிடக்கலையின் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பன்ஷாஃப்டுக்கு வந்தது. கம்பெனிக்கு இல்லை, குழுவுக்கு இல்லை. ஒரு ஆளுக்கு!

இங்கேதான் கொள்கை இடிக்கிறது. 'யாருக்கும் தனிப் பெயர் வேண்டாம்' என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்தால் அது சமத்துவம். மேலே இருப்பவருக்கு மட்டும் பெயரும் பரிசும், கீழே இருப்பவருக்கு 'நாம் எல்லாம் ஒரு குழு' என்ற அறிவுரை என்றால், அதற்குப் பேர் வேறு.

"நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிற கட்டிடத்தில் யார் யார் பெயரைப் போடுவது?" என்று கேட்பவர்கள் உண்டு. சினிமா டைட்டில் கார்டைப் பார்த்தால் பதில் கிடைக்கும். உதவி இயக்குநர் முதல் லைட்மேன் யூனிட் வரை பெயர் ஓடுகிறது. அதனால் இயக்குநர் பெயர் சின்னதாகிவிடவில்லை, தயாரிப்பாளருக்கு நஷ்டமும் வரவில்லை. இன்னொரு வாதம், கம்பெனி பெயரை முன்னால் வைப்பதால்தான் தொழில் நிலைக்கிறது என்பது. அது உண்மை. ஆனால் லீவர் ஹவுஸின் சுவரை மாற்ற வந்தது கம்பெனியின் தொடர்ச்சி. அந்தத் தொடர்ச்சிக்கும், உள்ளே வேலை செய்தவரின் பெயரை மறைப்பதற்கும் சம்பந்தமே இல்லை. முன்னதை வைத்துக்கொண்டே பின்னதை விட்டிருக்கலாம்.

யூனியன் கார்பைடு கட்டிடத்தை 2019-ல் இடிக்கத் தொடங்கி, 2021-ல் முடித்தார்கள். அந்த இடத்தில் ஜே.பி.மார்கன் வங்கியின் புதிய தலைமையகம் 2025-ல் திறந்தது. இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் டி ப்ளுவாவின் பெயர் பத்திரிகைகளில் பரவலாக அடிபட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2013-லேயே போய்விட்டார்.

பெரிய கம்பெனிகளில் சேர வரிசையில் நிற்கப்போகிறவர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம். சம்பளம் எவ்வளவு, பதவி உயர்வு எப்போது என்று கேட்கத் தெரிந்தவர்கள், "செய்த வேலையில் என் பெயர் எங்கே வரும்?" என்றும் கேட்கலாம். பதில் வராவிட்டாலும், கேள்வி கேட்டதற்காகக் கட்டிடம் ஒன்றும் சாய்ந்துவிடாது.