தொட்டிக்குள் ஒரு டைசன்

செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்தால் ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அத்தனையும் நல்ல தண்ணீர். அந்த ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்துகொண்டு, நல்ல தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்கும் ஒரே மனிதர் என் நண்பராகத்தான் இருப்பார். லிட்டருக்கு 35 கிராம். அவருடைய 300 லிட்டர் தொட்டிக்குப் பத்தரைக் கிலோ. மளிகைக் கடை உப்பு உதவாது, இதற்கென்றே தனி உப்பு. விலையைச் சொன்னால் நீங்கள் ஊறுகாய் போடுவதையே நிறுத்திவிடுவீர்கள்.

நண்பரும் நானும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி. அவர் குவாலிட்டி, நான் அக்கவுண்ட்ஸ். பெயர் வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். காரணம் பின்னால் வருகிறது.

தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள். 2003-ல் நீமோ படம் வந்ததிலிருந்து உலகத்துக் குழந்தைகளெல்லாம் கேட்டு அழும் அதே ஆரஞ்சு வெள்ளைக் கோடு. கூடவே நான்கு நீல டாம்சல், சில நத்தைகள், துறவி நண்டுகள், சுத்தம் செய்யும் இறால் ஒரு ஜோடி. எல்லாம் சமர்த்தாக இருந்தன. புதிதாக ஒரு பாறை வாங்கிப் போட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து காலை அட்டெண்டன்ஸில் தினம் ஒருவர் ஆப்சென்ட்.

முதலில் நத்தைகள். அப்புறம் நண்டு, இறால். கடைசியாக ஒரு டாம்சல் பாதி உடம்போடு கிடந்தது. அதன்மேல் ரோமம் வைத்த மரவட்டை போல ஒரு புழு ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு போன்.

"சார், கொலைகாரன் மாட்டிக்கிட்டான். காப்பர் மருந்து ஊத்திடப் போறேன்."

"ஊத்தாதீங்க, நான் வரேன்" என்றேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் படிப்பு உண்டு. தொட்டி வைத்துக்கொள்ள வீட்டில் சாங்ஷன் கிடைக்காததால், படிப்பதோடு சரி.

தாமிர மருந்தை மீன் தாங்கும். முதுகெலும்பில்லாதது எதுவும் தாங்காது. இறால், நத்தை, பவளம் எல்லாம் காலி. போதாததற்குப் பாறை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லத் தண்ணீரில் விடும். ஒரு திருடனைப் பிடிக்க ஊருக்கே விஷம் வைக்கிற வேலை.

அந்த ரோமப் புழு பெரும்பாலும் நிரபராதி. செத்ததையும் மிச்ச தீனியையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கிற ஜாதி. வெறுங்கையால் தொட்டால் ரோமம் குத்தி விரல் எரியும், அவ்வளவுதான். பிணத்தருகே நின்றதற்காக ஆம்புலன்ஸ் டிரைவரைக் கைது செய்ய முடியுமா? கொலைகாரப் புழுக்களும் உண்டுதான். 2009-ல் இங்கிலாந்தில் நியூகே ஊர்க் காட்சிசாலையில் மீன்களும் பவளங்களும் நாசமாகிக்கொண்டே இருக்க, பாறைகளைக் கலைத்துப் பார்த்தால் உள்ளே நாலு அடி நீளத்தில் ஒரு புழு. நண்பருடையது நாலு அங்குலம்கூட இல்லை.

"ராத்திரில டிக் டிக்னு சத்தம் கேக்குது அண்ணா" என்றார் நண்பரின் மனைவி. இவர்தான் வீட்டின் உண்மையான குவாலிட்டி இன்ஜினீயர்.

சத்தம் மட்டும் சாட்சியாகாது. துப்பாக்கி இறால் என்று ஒரு சாது இருக்கிறது. கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் போடும், பெரிய மீனை ஒன்றும் செய்யாது. நான் கேட்டது நத்தை ஓடுகளை. குப்பையிலிருந்து எடுத்து வந்தார். வாய்ப் பக்கம் சுத்தியலால் தட்டியது போல் உடைந்திருந்தது. புழுவிடம் சுத்தியல் கிடையாது.

இரவு பதினொன்றுக்கு டார்ச்சில் சிவப்பு செலோபேன் தாளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். சிவப்பு வெளிச்சம் அநேகக் கடல் பிராணிகளுக்குச் சரியாகத் தெரியாது. புதுப் பாறையில் ஒரு பொந்து. அதில் குச்சி மேல் வைத்த இரண்டு கண்கள், ஒன்று என்னையும் ஒன்று அவரையும் பார்த்தன.

மாண்டிஸ் இறால். பெயரில்தான் இறால். முன்னங்கைகளைக் கும்பிடுபூச்சி போல மடித்து வைத்துக்கொண்டிருக்கும். கும்பிடுகிறதே என்று கிட்டே போனால் தொலைந்தோம். இதில் ஈட்டி எறிகிற ரகம் உண்டு, குத்துச்சண்டை ரகம் உண்டு. குத்துகிற ரகம் ஒன்றை 2004-ல் அமெரிக்காவில் ஷீலா பாடெக் குழுவினர் அதிவேக கேமராவில் பிடித்து அளந்தார்கள். உச்ச வேகம் விநாடிக்கு 23 மீட்டர், அதாவது மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல். நம் வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டில் லாரி போகிற வேகம், தண்ணீருக்குள்ளே! குத்திய இடத்தில் ஒரு நீராவிக் குமிழ் உண்டாகி வெடிக்கும், அது இரண்டாவது அடி. 1998-ல் இங்கிலாந்தில் கிரேட் யார்மவுத்தில் டைசன் என்று பெயர் வைத்து வளர்த்த ஒன்று, தொட்டிக் கண்ணாடியையே உடைத்தது.

நண்பர் தொட்டியிலிருந்து கையை எடுத்து பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பாட்டிலின் தலையை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே மீன் துண்டு வைக்கிற பொறி ஒன்று உண்டு. இரண்டு ராத்திரி வைத்தோம். டைசன் சீந்தவில்லை. மூன்றாம் நாள் பாறையையே வாளிக்கு மாற்றினோம். பொந்துக்குள் பெட்டிக்கடை சோடாவைப் பீச்சினேன். சோடாவுக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டென்று அன்றுதான் நண்பருக்குத் தெரிந்தது. அரை நிமிஷத்தில் சுண்டுவிரல் நீளத்தில் பச்சையாக ஒருவர் வெளியே வந்து விழுந்தார்.

"இது எப்படி சார் உள்ள வந்துச்சு?"

"பாறையோட. இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணீங்களா?"

பதில் இல்லை. கம்பெனியில் ஒரு நட்டு கீறலோடு வந்தால் லாரியையே திருப்பி அனுப்புகிற மனிதர்! புதுப் பாறையைத் தனி வாளியில், காற்றுக் குழாய் போட்டுச் சில வாரம் வைத்து, ராத்திரி ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் இவ்வளவு சாவு விழுந்திருக்காது.

"எங்க வாங்கினீங்க?"

வாட்ஸ்அப்பில் ஒருவனாம். ஈர நியூஸ் பேப்பரில் சுற்றி பஸ்ஸில் அனுப்பினானாம். "ஒரிஜினல் ராமேஸ்வரம் கடல் சார்" என்றார் பெருமையாக.

எனக்கு டைசனைப் பார்த்தபோது வராத பயம் அப்போதுதான் வந்தது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், 1986-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே இப்படிப்பட்ட பாறை என்றால் அது பவளம். 2001-லிருந்து கல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே பட்டியல். உயிரோடிருந்தாலும் செத்துக் கல்லானாலும் விற்கவோ வாங்கவோ கூடாது. 3 முதல் 7 வருஷம் உள்ளே. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகவே இந்தப் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். மிச்சமிருப்பதை இப்போது ஈர நியூஸ் பேப்பரில் சுற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அவசியமே இல்லை. கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தையை மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் எப்போதோ சாதித்துவிட்டார்கள். பாறைக்குச் சுட்ட களிமண்ணில் செய்த செயற்கைப் பாறை இருக்கிறது. அதன் பொந்தில் நீங்கள் விட்டால்தான் எதுவும் இருக்கும்.

நண்பர் நெடுநேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏரில போட்டுடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மெட்ராஸ் குடிக்கிற தண்ணி சார் அது. ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போய் இருக்கிறதைச் சொல்லி ஒப்படைச்சிடுங்க. போறதுக்கு முன்னால ஒரு வக்கீலைப் பாருங்க."

"அங்க எந்த ஷிப்ட்ல சார் நல்லவங்க இருப்பாங்க?"